அழித்துப் பண்ணியது

பழைய நகையை உருக்கிப் புது நகை செய்வதை எங்கள் பக்கத்தில் ‘அழிச்சுப் பண்றது’ என்பார்கள். இரண்டு வினைகள். முதலாவது இருந்ததை இல்லாமல் ஆக்குகிறது, இரண்டாவது இல்லாததை உண்டாக்குகிறது. நடுவில் எது கடந்து வருகிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. என் பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு அந்த நடுவின் மேல்தான் கண்.

1994 கார்த்திகை. அக்காவுக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தோம். வளையல் பண்ணுவதற்கு அப்பாயி, அப்பாவின் அம்மா, தன் சங்கிலியைக் கொடுத்தாள். ஐந்து பவுன் சங்கிலி, அதில் ஒரு காசு தொங்கும். காசு என்றால் அசல் காசு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை போட்ட தங்கப் பவுன். நாம் இன்று 8 கிராமைப் பவுன் என்று சொல்வதே இந்த நாணயத்தால்தான். ஏறத்தாழ 7.98 கிராம், 22 காரட். பிரிட்டிஷ்காரனின் ‘பவுண்டு’ நம் வாயில் பவுனாகி, நாணயம் போனபிறகும் எடையாகத் தங்கிவிட்டது. 1918-ல் மட்டும் இந்த நாணயத்தைப் பம்பாயிலும் அடித்தார்கள். எங்கள் காசு லண்டனில் பிறந்ததா பம்பாயில் பிறந்ததா என்று உருக்குவதற்கு முன் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பாயி சில நிபந்தனைகள் வைத்தாள். நகை செய்யும் பத்தர் எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துதான் உருக்க வேண்டும். வேறு தங்கம் கலக்கக் கூடாது. காசின் தலையில் பற்றவைத்திருந்த சின்ன வளையத்தை மட்டும் வெட்டி அவளிடம் கொடுத்துவிட வேண்டும். எதற்கு என்று அப்பா கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

பத்தர் வந்தார். குமுட்டியில் கரி போட்டு, உருக்கும் கிண்ணமான மூசையை வைத்து, சங்கிலியை உள்ளே சுருட்டி, மேலே காசைக் கவிழ்த்தார். வெங்காரத்தைத் தூவினார். ஊதுகுழலை வாயில் வைத்து அவர் ஊத ஊத, கரி வெளுத்துக்கொண்டே வந்தது. நான் ஒட்டி உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டின. பிறகு ஒரு நொடியில் எல்லாம் தொய்ந்தது. ராஜாவின் முகம் சிறிது நேரம் இருந்தது, அப்புறம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மூசையின் அடியில் ஒரு உருண்டை, கண்ணாடிபோலப் பளபளவென்று நடுங்கிக்கொண்டு நின்றது.

“போச்சா?” என்றாள் அப்பாயி.

“எங்க போவுது பெரியம்மா? மூசையிலதான கெடக்கு” என்றார் பத்தர்.

அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் என்னை விடவே இல்லை. இரண்டும் உண்மை என்று அன்றே தோன்றியது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் புரியவில்லை.

கல்லூரி முடித்துச் சில வருடம் கழித்து, சமண தத்துவம் பற்றிய ஒரு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் திண்ணையை அதில் பார்த்தேன். சமந்தபத்திரர் என்ற ஆசிரியரின் ஆப்த மீமாம்சை, 59-ஆவது சுலோகம். ஒரு பொற்குடத்தை உருக்கி மணிமுடி செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் துக்கப்படுகிறான். முடியை விரும்பியவன் சந்தோஷப்படுகிறான். பொன்னை விரும்பியவனுக்கு இரண்டும் இல்லை, நடுநிலையில் இருக்கிறான். சுலோகம் ஒரு சொல்லில் முடிகிறது: ‘ஸஹேதுகம்’, காரணத்தோடுதான். மூன்று பேருடைய மனநிலைக்கும் பொருளிலேயே காரணம் இருக்கிறது. ஒன்று அழிந்தது, ஒன்று தோன்றியது, ஒன்று நிலைத்தது. மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே மூசையில்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் சாந்தோக்கிய உபநிடதம் இருக்கிறது. உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்கிறார்: ஒரு மண்ணுருண்டையை அறிந்தால் மண்ணால் ஆன எல்லாவற்றையும் அறிந்ததாகும். மாற்றம் என்பது வாயில் எழும் பெயர்தான், மண் என்பதே உண்மை. அடுத்து வரும் உலோகக் கட்டியைப் பொன் என்றே சங்கரர் உரை எடுத்துக்கொள்கிறது. பெரிய வாக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அதை எங்கள் திண்ணையில் சொன்னால், அப்பாயி ‘போச்சா?’ என்று கேட்டது வெறும் பெயருக்காக என்று ஆகிவிடும். அது சரியில்லை.

ஏனென்றால் அந்தச் சங்கிலியில் நசுங்கிய கண்ணி ஒன்று இருந்தது. கொக்கியிலிருந்து நாலாவது. அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது கதவிடுக்கில் மாட்டி நசுங்கியது என்பாள். எங்களுக்குச் சம்பா சாகுபடி. ஆடியில் நகை அடகுக்குப் போகும், அறுவடை முடிந்து மாசியில் திரும்பும். மீட்டுக்கொண்டு வந்ததும் அப்பாயி சங்கிலியை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் கொக்கியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தடவிப் போய் நாலாவதில் நிறுத்துவாள். முகம் தெளியும். அதன்பிறகுதான் கழுத்தில் போடுவாள்.

அடகு என்ற ஏற்பாட்டின் அடியில் ஒரு தத்துவம் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. கடனாகப் பத்தாயிரம் வாங்கினால் அதே நோட்டுகளைத் திருப்பித் தர வேண்டியதில்லை, எந்தப் பத்தாயிரமும் போதும். ஆனால் அடகு வைத்த சங்கிலிக்குப் பதிலாக அதே எடையில், அதே மாற்றில் வேறு சங்கிலியைக் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஒரே பரிவர்த்தனையில் ஒரு பக்கம் ‘எவ்வளவு’, மறுபக்கம் ‘எது’. அப்பாயியின் விரலுக்கு ‘எது’ மட்டும்தான் தெரியும். மூசையில் போனது அந்த நாலாவது கண்ணி.

சமந்தபத்திரரின் மூன்று பேரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். குடத்தை விரும்பியவள் அப்பாயி. முடியை விரும்பியவள் அக்கா. நாலு வளையல் கைக்கு வந்த அன்று அவள் இரவெல்லாம் கழற்றவில்லை. பொன்னை விரும்பியவர் அப்பா. இங்கேதான் சுலோகம் முழுவதும் பொருந்தவில்லை, அவர் நடுநிலையில் இல்லவே இல்லை. அவருடைய நோட்டில் இன்றும் இருக்கிறது: கொடுத்தது 47.600, வாங்கியது 45.200, சேதாரம் 2.400. அந்த 2.400-க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். அரத்தில் உதிர்ந்த தூள், பழைய பற்றவைப்பிலிருந்த கலப்பு, கரியோடு போனது என்று பத்தர் சொன்ன கணக்கை அவர் ஒப்புக்கொண்டார், மனம் ஆறவில்லை. பொன்னை மட்டும் விரும்புகிறவனுக்கும் உருமாற்றத்தில் இழப்பு உண்டு. நிலைப்பது என்று நாம் சொல்வதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டுதான் நிலைக்கிறது.

மேற்கே இந்தக் கேள்வி ஒரு கப்பலைச் சுற்றி வந்தது, பலருக்கும் தெரிந்த கதை. கிரேக்கப் புராண வீரன் தீசியஸ் ஏறி வந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பேணிக்காத்தார்கள், இற்றுப்போன பலகையை எடுத்துப் புதுப் பலகை வைத்துக்கொண்டே வந்தார்கள், தத்துவக்காரர்கள் அதை வைத்து வாதிட்டார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். 1655-ல் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு திருகு வைத்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் கட்டினால்? இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

எனக்குக் கப்பலைவிடத் தாலிக்கயிறு நெருக்கம். ஆடிப்பெருக்கு அன்று அம்மா காவிரிக்குப் போய்க் கயிறு மாற்றுவாள். புது மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டபிறகுதான் பழையதைக் கழற்றுவாள். ஒரு நொடிகூடக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. சற்று நேரம் ஒரே கழுத்தில் இரண்டு கயிறும் இருக்கும். ஒரு பொருள் காலத்தில் அறுபடாமல் நீள வேண்டும், மாற்றம் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து நடக்க வேண்டும் என்று தத்துவ நூல்கள் பக்கம் பக்கமாகக் கேட்கிற நிபந்தனையை, படித்துறையில் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு பெண்கள் நிறைவேற்றிவிடுகிறார்கள். எத்தனை ஆடி கடந்தாலும் அது கல்யாணத்தன்று கட்டிய தாலிதான்.

உருக்குவதில் அப்படிக் கவிவதற்கு வழியில்லை. கப்பலில் உருவம் நிற்கிறது, பொருள் மாறுகிறது. மூசையில் பொருள் நிற்கிறது, உருவம் போகிறது. போய், அடுத்தது வருவதற்குள் ஒரு இடைவெளி. அந்தக் கால்மணி நேரம் சங்கிலியும் இல்லை, வளையலும் இல்லை. கழுத்து வெறுமையாக இருக்கும் நேரம் அது.

அந்த இடைவெளியில் என்னதான் இருந்தது? தங்கம் இருந்தது என்பது எளிய பதில். அமெரிக்கத் தத்துவவாதி ஆலன் கிப்பார்ட் 1975-ல் ஒரு கட்டுரையில் களிமண் சிலை ஒன்றைக் கற்பனை செய்தார். மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியே செய்து ஒட்டுகிறார்கள். ஒட்டிய நொடியில் சிலையும் பிறக்கிறது, முழு மண்கட்டியும் பிறக்கிறது. பிறகு ஒரே அடியில் இரண்டும் நொறுங்குகின்றன. பிறப்பும் இறப்பும் ஒன்றாகவே இருந்தால் சிலையும் கட்டியும் இரண்டா ஒன்றா? ஒன்றுதான், ஆனால் வேறுவிதமாக நடந்திருந்தால் இரண்டாகியிருக்கும் என்பது அவர் கட்சி. எங்கள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. தராசில் சங்கிலியும் தங்கமும் ஒரே எடை, ஆனால் ஆயுள் ஒன்றில்லை. சங்கிலிக்கு அறுபது சொச்சம் வயது. அதிலிருந்த தங்கம் பூமி உருவாவதற்கு முன்பே உருவானது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிக் கலந்த நிகழ்வை விஞ்ஞானிகள் பதிவுசெய்தார்கள். தங்கம் போன்ற கனமான தனிமங்கள் பிறக்கும் இடங்களில் அதுபோன்ற மோதலும் ஒன்று. எவ்வளவோ உருவத்தில் இருந்துவிட்டுத்தான் அது எங்கள் அப்பாயியின் கழுத்துக்கு வந்தது.

ஆனால் தங்கம் எனக்கு முழுப் பதிலாக இல்லை. இயற்கையில் நிலையாக இருக்கும் தங்க அணு ஒரே வகைதான், 197 நிறையெண். செம்புக்குக்கூட நிலையான ஐசோடோப்பு இரண்டு உண்டு, தங்கத்துக்கு ஒன்றே. ஒரு தங்க அணுவை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல எந்த அடையாளமும் அதில் கிடையாது. ஒரு பவுனில் 2-க்குப் பின்னால் 22 சுழியம் போட்ட எண்ணிக்கையில் அணுக்கள். அத்தனையும் ஒன்றுபோல. அப்படியிருக்க ‘அதே தங்கம்’ என்று அப்பாயி பிடிவாதம் பிடித்தது எதைப் பற்றி?

நாளாக ஆக, இப்படித்தான் நினைக்கிறேன். பத்தர் திருடிவிடுவார் என்று அவள் பயப்படவில்லை. எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பண்ணிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனாலும் அன்று காலை குமுட்டி பற்றவைத்ததிலிருந்து உருண்டை ஆறிக் கம்பியாக இழுபடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், ஏடு படிந்தது. கண்ணை எடுக்கவில்லை. உருவம் இல்லாத அந்தக் கால்மணி நேரத்தில் சங்கிலியிலிருந்து வளையலுக்கு நீண்ட கயிறு அவளுடைய பார்வை. பழையது கழல்வதற்கு முன் புதிது ஏறுவதற்கு வழியில்லாத இடத்தில், அவளே நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

அதனால்தான் அந்த வளையல்களை ‘அப்பாயி வளையல்’ என்று சொல்லும்போது எனக்குத் தயக்கம் இல்லை. நாலாவது கண்ணி அழிந்தது உண்மை. வளையல் அவளுடையது என்பதும் உண்மை.

ரோமானியச் சட்டத்தில் இதற்கு நிகரான ஒரு வழக்கு உண்டு. அடுத்தவன் பொருளை எடுத்து ஒருவன் புதிதாக ஒன்றைச் செய்தால் அது யாருக்குச் சொந்தம்? பொருள்காரனுக்கு என்றார்கள் சாபினஸ் வழியினர், செய்தவனுக்கு என்றார்கள் புரோகுலஸ் வழியினர். 533-ல் வெளிவந்த பேரரசர் ஜஸ்டினியனின் சட்டநூல் நடுவழி சொன்னது: பழைய பொருளாகத் திரும்பக் கூடியதென்றால் பொருள்காரனுக்கு, திரும்ப முடியாதென்றால் செய்தவனுக்கு. பொற்கிண்ணத்தை உருக்கினால் மறுபடி பொன். திராட்சைரசம் மறுபடி திராட்சை ஆகாது. அறிவான தீர்ப்புதான். ஆனாலும் ஒன்று விட்டுப்போகிறது. வளையல் பொன்னாகத் திரும்பும், சங்கிலியாகத் திரும்பாது. அதே பத்தர் அதே தங்கத்தில் அதேபோலக் கண்ணி கோத்து நாலாவதை நசுக்கிக் கொடுத்தாலும், அப்பாயியின் விரல் அதில் நிற்குமா? கதவிடுக்கு அதில் இல்லையே.

2023 ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். இப்போது பத்தர் திண்ணைக்கு வருவதில்லை. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா நாலு வளையலையும் ஒரு கடையில் கொடுத்தாள். எக்ஸ்-கதிர் இயந்திரத்தில் வைத்து மாற்றுப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், ஒரு சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் காட்டி, கூடக் கொஞ்சம் பணம் போட்டு, ஒரு சங்கிலி எடுத்தாள். அதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆறு எழுத்தெண் கொண்ட ஒரு அடையாளம் தெரியும். 2023 ஏப்ரல் முதல் அந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. ஒவ்வொரு நகைக்கும் வேறு வேறு எண். உள்ளே ஒன்றுபோல அணுக்கள், வெளியே யாருக்கும் பொதுவில்லாத பெயர்.

வீட்டுக்கு வந்து மகள் கழுத்தில் போட்டுவிட்டு அக்கா சொன்னாள்: “இது அப்பாயி சங்கிலி. அவ சங்கிலியாதான் வெச்சிருந்தா, மறுபடி சங்கிலியாவே வந்துருச்சு.”

எனக்கு ஒப்பவில்லை, சொல்லிவிட்டேன். திண்ணையில் உருவம்தான் போனது. இங்கே உருவமும் போய்விட்டது, பொருளும் போய்விட்டது. அந்த வளையல்கள் வேறு பல வீட்டு நகைகளோடு ஏதோ உலையில் கலந்துவிடும். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. அக்கா வளையலைக் கழற்றுவதற்கு முன்பே அந்தச் சங்கிலி கடைக் கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடிப்பெருக்கில் இரண்டு கயிறும் ஒரே கழுத்தில் இருக்கும். இங்கே பழையது நம்முடையதாக ஓரிடத்தில், புதியது யாருடையதுமாக இல்லாமல் வேறோரிடத்தில். நடுவில் இருந்தது சீட்டு மட்டும். சீட்டில் இருந்தது ஒரு தொகை.

அக்கா பட்டென்று கேட்டாள்: “நம்ம வெதநெல்லு தாத்தா காலத்து வெதன்னு அப்பா சொல்வாங்கல்ல? தாத்தா வெதச்ச நெல்லா இப்ப இருக்கு? ஒரு மணிகூட அதுல இல்ல. அப்பயும் அதே வெததான?”

நெல் நெல்லைப் பெற்றது, வளையல் சங்கிலியைப் பெறவில்லை, பணம் வாங்கிக் கொடுத்தது என்றேன். “அந்தப் பணம் எங்கேருந்து வந்துச்சுடா? அவ கழுத்துலேருந்துதான?” என்றாள். அதற்கு மேல் நான் வாதிடவில்லை. அவள் சொன்னதில் ஒரு வலு இருக்கிறது, இன்னும் அதை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. இருந்தும் அந்தச் சங்கிலியை அப்பாயியின் சங்கிலி என்று என் வாயால் நான் சொல்வதில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மருமகள் என்னிடம் வந்தாள். “மாமா, அம்மா சொல்றது நெசமா? இது அப்பாயியோடதுதானா?”

உள்ளே போய் ஒரு தீப்பெட்டியை எடுத்துவந்தேன். அப்பாயி போனபிறகு அவளுடைய சுருக்குப்பையில் கிடைத்தது, அன்று பத்தர் வெட்டிக் கொடுத்த அந்தச் சின்ன வளையம். காசு அதில்தான் தொங்கியது. தீயில் போகாதது அது ஒன்றுதான். அதே பொருள், அதே உருவம், உள்வட்டத்தில் சங்கிலி ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம்கூட அப்படியே. ஹாப்ஸின் ஆள் சேர்த்துவைத்த பலகையைப் போல ஒரே ஒரு பலகை. ஆனால் எங்கள் வீட்டில் இதை யாரும் ‘அப்பாயி சங்கிலி’ என்று சொன்னதில்லை. வளையம் என்றுதான் சொல்வோம். பெயர் வளையலுக்குப் போய், வளையலிலிருந்து கடைச் சங்கிலிக்குப் போய்விட்டது. அசல் பெயரில்லாமல் தீப்பெட்டியில் கிடக்கிறது.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் பார்த்தாள். திண்ணை, குமுட்டி, ராஜாவின் தலை, “போச்சா?” என்று அப்பாயி கேட்டது, எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி, அந்த வளையத்தை அதில் கோத்துப் பார்த்தாள். கொக்கியின் முனை தடித்தது, வளையத்துக்குள் நுழையவில்லை. திருப்பிப் பார்த்தாள், மறுமுனையில் பார்த்தாள். பத்தர் யாரிடமாவது கொடுத்து வளையத்தை வெட்டிப் பற்றவைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“வெட்டணுமா?” என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள். தீப்பெட்டியில் பஞ்சை வைத்து, அதன்மேல் வைத்து மூடினேன்.